முழுசாக விற்ற பஸ்

தண்ணீர் வேண்டாமுங்க அண்ணா, வரும் வழியிலேயே குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்க பாட்டுக்குக் கடலையைப் பறித்துக்கொண்டே இருங்க. நான் இப்படி இந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துகொள்கிறேன். நாலு செடியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டால் பேசிக்கொண்டே நானும் பறிப்பேன். கை சும்மா இருந்தால் எனக்கு வாய் கெட்டுப்போகும்.

என்னைத் தெரியவில்லைதானே? நல்லதாகப் போயிற்று. தெரிந்திருந்தால் கேட்டைத் திறந்திருக்க மாட்டீர்கள். என் பெயர் அர்த்தநாரி. சங்ககிரி பைபாஸில் பழைய வண்டி உடைக்கிற யார்டு வைத்திருக்கிறேன். ஆமாங்க, அதே யார்டுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நீங்க அங்கே வந்தீர்கள். அன்றைக்கு உங்களை வாய்யா போய்யா என்று பேசினேன், இன்றைக்கு 'ங்க' போட்டுப் பேசுகிறேன். எழுந்திருக்காதீங்க அண்ணா. உட்காருங்க. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன், ஆனால் அதை முதலில் பேசமாட்டேன். எங்க தொழிலில் முதலில் விலையைச் சொல்கிறவனுக்குத்தான் நஷ்டம். பதினொரு வயதில் லாரி கிளீனராகப் போய், ஜாக்கிக் கம்பியால் அடி வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டது. அதை ஒருநாளில் விட முடியுமா?

முதலில் என் மகள் கதையைக் கேளுங்க. நாளைக்குக் காலை பத்தரை மணிக்குச் சேலம் கோர்ட்டில் அவளைக் கூப்பிட்டு, அப்பாவோடு போகிறாயா மாட்டாயா என்று கேட்கப்போகிறார்கள். மாட்டேன் என்றுவிட்டால் அத்தோடு முடிந்தது, பதினெட்டு வயது வரைக்கும் நான் அவளைத் தூர நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவள் என்ன சொல்வாள் என்பது உங்க கையில் இருக்கிறது. எப்படி என்று கேட்காதீங்க, சொல்கிறேன்.

பிரணிதா என்று பெயர். ஒன்பது வயது. நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவள் அம்மா கோகிலவாணி என்னை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. என் வாய்தான் காரணம் என்கிறாள். கையும் காரணம் என்று மனுவில் எழுதியிருக்கிறாள், அதை நம்பாதீங்க. தட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். டிவியைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். ஆளைத் தூக்கிப் போட்டதில்லை.

மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை பாப்பா என்னோடு என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுக்க அவர்களுக்கு என்ன, வண்டி ஏலம் விடுவதும் சனிக்கிழமைதான். சில சனிக்கிழமை என்னால் போக முடியாது. அன்றைக்கெல்லாம் பாப்பா என் மாமனார் வீட்டு வாசலில் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். தாத்தா கூப்பிட்டால் வரமாட்டாளாம், அம்மா கூப்பிட்டாலும் வரமாட்டாளாம். எங்கப்பா வந்து கூப்பிட்டாத்தான் எந்திரிப்பேன் என்பாளாம். சாயங்காலம் வரைக்கும். என்ன பிடிவாதம் பாருங்க, அப்படியே என் ரத்தம்.

போன மாதம் காலாண்டு லீவுக்கு, ஒரு ராத்திரி வெளியே தங்க வைத்துக்கொள்ளலாம் என்று முதல்முறையாக அனுமதி வாங்கினேன். எங்கே போகலாம் பாப்பா என்றேன். ஏற்காட்டில் ஒரு ஹோட்டல், போனில் வீடியோ பார்த்திருக்கிறாள். பெயர் எதற்கு, விடுங்க. பஸ் ஸ்டாண்டு மாதிரியே கட்டியிருக்கிறார்கள். காப்பித் தோட்டத்துச் சரிவில் ஏழு பழைய பஸ்கள், ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு ரூம். முன்னால் ஸ்டியரிங்கும் நாலு வரிசை சீட்டும் அப்படியே இருக்கும். பின்பாதியைக் கழற்றிவிட்டுக் கட்டில், மெத்தை, பாத்ரூம். ரூம் சாவி வாங்குகிற இடம் டிக்கெட் கவுண்டர் மாதிரி கம்பி போட்டது. வேலை செய்கிறவர்களுக்குக் காக்கிச் சட்டை. சாவியோடு ஒரு விசில் தருவார்கள், டீ வேண்டுமென்றால் ஊத வேண்டும். எனக்குச் சிரிப்பு. முப்பது வருஷமாகப் பஸ்ஸை உடைத்துச் சோறு தின்கிறவனைக் காசு கொடுத்துப் பஸ்ஸுக்குள்ளேயே படுக்கச் சொல்கிறார்கள்.

ஆனால் மலை ஏறும்போது பாப்பா பேசினாள் பாருங்க. இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே பேசினாள். இரண்டு வருஷத்தில் அவ்வளவு பேச்சு நான் கேட்டதில்லை.

கவுண்டரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. விலையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரும்பு விலை தெரிந்தவனிடமா என்று ஆரம்பித்தேன். அரைமணி நேரம் விடவில்லை. கடைசியில் அந்தப் பெண் வாய்விட்டுவிட்டது, ஏழாவது பஸ் கடைசியில் தனியாக நிற்கிறது சார், அதை மட்டும் யாரும் கேட்பதில்லை என்று. பிடித்துக்கொண்டேன். யாரும் கேட்காத சரக்குக்கு எதற்கம்மா முழு விலை? பாதிக்கு முடித்தேன். மற்ற ஆறும் அப்போது காலியாகத்தான் இருந்தன. பாப்பா ஒரு மஞ்சள் பஸ்ஸைக் காட்டி என் சட்டையை இழுத்துக்கொண்டே நின்றாள். வியாபாரம் பேசும்போது குறுக்கே வராதே என்றேன். இப்போதும் சொல்கிறேன், லீவு நாளில் அந்த விலைக்கு வேறு எவனும் முடித்திருக்க முடியாது.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வெயில் இல்லை, பஸ்ஸைச் சுற்றிப் பனிமூட்டமாக மஞ்சு இறங்கி நின்றது. வெளியே செக்கச்செவேல் என்று புதுப் பெயிண்டு. முகப்பை மாற்றியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாப்பா ஓடிப்போய் இடது கைப்பக்கம் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஒடித்தேன். பிறகு இறங்கிக் கண்டக்டர் ஆனேன். விசில் ஊதி, "எந்த ஊருக்குங்க அம்மணி டிக்கெட்டு?" என்றேன். நம்ம வீட்டுக்கு என்றாள். சங்ககிரி வீட்டுக்கா, அம்மா இருக்கும் வீட்டுக்கா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன்.

இரண்டு கம்பியில் கீழ்க்கம்பி மட்டும் வேறு கம்பி. வெட்டி எடுத்த இடத்தில் புதுசு வைத்து வெல்டு பண்ணியிருந்தது. மேலே பத்துத் தடவை பெயிண்டு அடித்தாலும் வெல்டு போட்ட கை தெரியுமுங்க. நான் இடதுகைக்காரன். என் வெல்டு வலமிருந்து இடமாக ஓடும், முடிகிற இடத்தில் ஒரு துளி தொங்கும். அந்தத் துளி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

கடலை பறிப்பதை நிறுத்திவிட்டீர்கள். ஆமாங்க அண்ணா. மில்லு பஸ். விடியற்காலை ஷிப்டுக்குப் போன பெண்பிள்ளைகளோடு வாய்க்காலில் இறங்கின பஸ். ஜன்னல் கம்பியை அறுத்துத்தான் எல்லோரையும் வெளியே எடுத்தார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகளில் முப்பத்தோரு பேர் பிழைத்தார்கள். உங்க பிள்ளை ஒன்றுதான்.

அந்தப் பஸ்ஸை ஏலத்தில் எடுத்தது நான். எங்க யார்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் வைத்ததல்ல, எனக்குத் தொழில் பழக்கின காதர் பாய் வைத்தது. உயிர் போன வண்டியை முழுசாக வெளியே விடக்கூடாது. வந்த அன்றைக்கே, உயிர் போன இடத்தில்தான் முதல் வெட்டு. அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். வீட்டு ஆள் யாராவது தேடிக்கொண்டு வருவார்கள், வந்தால் விலை பேசாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் வந்து தொட்டுப் பார்த்தால்தான் அந்தப் பிள்ளை வண்டியை விட்டு இறங்கும் என்பார் பாய். அவர் இருந்தவரைக்கும் செய்தோம். அவர் போன பிறகும் நானே இரண்டு வண்டிக்குச் செய்திருக்கிறேன். லாரி. டிரைவரின் சம்சாரம் வந்து ஸ்டியரிங்கைச் சேலையில் சுற்றி எடுத்துப் போனது.

உங்க பஸ்ஸுக்குச் செய்யவில்லை. வண்டி சுத்தமாக இருந்தது. பாடியில் ஒரு ஒடுக்கு, ஜன்னல் கம்பி, அவ்வளவுதான். மலையிலிருந்து ஒரு பார்ட்டி முழு வண்டியாக வேண்டும் என்று வந்து நின்றான். நானே உட்கார்ந்து கம்பியை வெல்டு பண்ணினேன்.

இருங்க, நான் பாப்பா கதையை முடித்துவிடுகிறேன். முன் சீட்டின் முதுகில் ஊசியால் ஏதோ கீறியிருந்தது. பாப்பா விரலால் தடவித் தடவிப் படித்தாள். ஜமுனா. பக்கத்தில் ஒரு பூ, ஐந்து இதழ். யாருப்பா ஜமுனா என்றாள். யாரோ மில்லுக்குப் போன பிள்ளையாக இருக்கும் என்றேன். மில்லு என்று அவள் கேட்கவில்லை, என் வாயிலிருந்துதான் வந்தது. எழுந்து வா பாப்பா, கட்டிலில் போய் விளையாடு என்றேன். மாட்டேன் என்றாள். ஏன் என்றாள். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதுங்க?

ரூமை மாற்றலாம் என்று கவுண்டருக்குப் போனேன். அந்த அரைமணி நேரத்தில் திருப்பூரிலிருந்து ஒரு கூட்டம் வந்து ஆறு பஸ்ஸையும் எடுத்துவிட்டது. மஞ்சள் பஸ்ஸின் படியில் ஏதோ ஒரு குழந்தை நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். முழு விலை தருகிறேன் என்றேன், இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன். நீங்கதானே சார் அதுவே போதும் என்றீர்கள் என்று அந்தப் பெண் சொன்னது. எவ்வளவு நேரம் சண்டை போட்டேன் என்று தெரியாது. ஒரு மணி நேரம் இருக்கலாம்.

திரும்பி வந்தபோது பாப்பா அதே வரிசையில்தான் இருந்தாள். ஆனால் ஜன்னலோரம் இல்லை, தள்ளி இந்த ஓரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரச் சீட்டில் அவள் பிஸ்கட் பாக்கெட் பிரித்து வைத்திருந்தது. காலையில் கூட்டி வரும்போது தலை விரித்துப் போட்டிருந்தாள். இப்போது பின்னியிருந்தது.

யாரு பாப்பா பின்னிவிட்டது என்றேன். "அந்தக்காதாங்கப்பா. சன்னலோரம் அந்தக்காவுக்கு வேணுமாம், குடுத்துட்டேன்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள் அண்ணா. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

எப்படிப் பின்னியிருந்ததா? இரண்டு சடை. இறுக்கமாகப் பின்னி மேலே மடித்து, நுனியைக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தது. மெஷினில் மாட்டாமல் இருக்க மில்லுப் பெண்கள் கட்டுவார்களே, அப்படி.

தண்ணீர் குடிங்க அண்ணா. நான் நிறுத்தட்டுமா? சரி, சொல்லிவிடுகிறேன்.

என்ன கேட்டீர்கள்? என் மகளுக்குத் தானாகச் சடை பின்னத் தெரியுமா என்றா?

எனக்குத் தெரியாதுங்க அண்ணா. வக்கீலும் இதையேதான் கேட்டார். எனக்கு அது தெரியாது என்றால் என்ன அப்பன் என்பார்கள், அதனால் அவளுக்குத் தெரியாது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். நிஜமாக எனக்குத் தெரியாது. ஒன்பது வயதில் பிள்ளைகளுக்குத் தெரியுமா? உங்க ஜமுனாவுக்கு எத்தனை வயதில் தெரியும்? ஏழிலா. ஏழு வயதிலேயே தானாகப் பின்னிக்கொள்ளுமா.

சரி. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும், அது என் பிறவி. எந்திரி என்றேன். வரமாட்டேன், அந்தக்கா தனியாக இருக்கும் என்றாள். ஏன் உட்காரக்கூடாது, ஏன் என்று சொல்லுங்கப்பா என்றாள். சொன்னால் கேட்கிறாயா இல்லையா என்று கையைப் பிடித்தேன். அவள் தாவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் லேசாகத்தான் இழுத்தேன். அவள் விடவில்லை. கம்பியும் விடவில்லை. ஐம்பது ஆள் தொங்கினாலும் விடாத வெல்டு அது, நான் போட்டது.

எலும்பில் விரிசல் என்று எக்ஸ்ரேயில் எழுதியிருக்கிறார்கள். விரிசல் என்றால் பெரிசாக நினைத்துக்கொள்ளாதீங்க, மயிரிழை. மூன்று வாரம் கட்டு, அவ்வளவுதான். கோகிலவாணி அதைக் கோர்ட்டில் என்னவோ கையையே ஒடித்த மாதிரி காட்டினாள்.

தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு வந்தேன். பகல் மூன்று மணி, மஞ்சில் லைட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாப்பா அழவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பின்கண்ணாடி வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வளைவு இறங்கின பிறகு வாயைத் திறந்தாள். "அந்தக்காவை விட்டுட்டு வந்துட்டோம்ப்பா" என்றாள். அங்கே யாரும் இல்லை, வாயை மூடு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நாம கூப்பிட்டா அந்தக்கா இறங்காதுப்பா. அவங்கப்பா வந்து கூப்பிட்டாத்தான் இறங்குமாம்" என்றாள்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். நீங்க என் யார்டுக்கு வந்த விஷயம் பாப்பாவுக்கு எப்படித் தெரியும்? அப்போது அவளுக்கு மூன்று வயது. யாரிடமும் நான் சொன்னதில்லை, கோகிலவாணிக்குக்கூடத் தெரியாது. அப்பா வந்து கூப்பிட வேண்டும் என்று ஒரு குழந்தைக்கு வேறு எப்படித் தோன்றும், சொல்லுங்க. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு வழியே இல்லை. அது உங்க பிள்ளை சொன்னதுதான்.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

போன வாரம் கோர்ட்டில் ஒரு கவுன்சிலிங் அம்மா பாப்பாவைத் தனியாக வைத்துப் பேசியது. வெளியே வந்து என்னிடம் சொன்னது. அப்பாவுக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும், அது பரவாயில்லை என்றாளாம். அந்தச் சீட்டில் ஏன் உட்காரக்கூடாது என்று அப்பா சொன்னால் போகிறேன், சொல்லாவிட்டால் போகமாட்டேன் என்றாளாம். இவ்வளவுதான் கேட்கிறாள் சார், சொல்லிவிடுங்களேன் என்றது அந்த அம்மா. நாளைக்கு ஜட்ஜ் முன்னால் இதையேதான் கேட்பார்கள்.

அதனால்தான் மில்லில் விசாரித்து உங்க வீட்டைக் கண்டுபிடித்து வந்திருக்கிறேன். இப்போது என் பேச்சுக்கு வருகிறேன். கார் ரோட்டில் நிற்கிறது. இன்றைக்கே ஏற்காடு போவோம். நீங்க பஸ்ஸில் ஏறி ஒரே ஒரு தடவை பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்க. இறங்கிவிடும். இறங்கிவிட்டது என்று நான் பாப்பாவிடம் போய்ச் சொல்லிவிடுவேன், அவள் மனசு ஆறிவிடும், வேறு ஒன்றும் கேட்கமாட்டாள். அதற்கு நான் என்ன செய்கிறேன் என்று கேளுங்க. ஹோட்டல்காரனிடம் பேசிவிட்டேன். அந்தச் சீட்டைக் கழற்றி, பிள்ளை பெயர் எழுதின முன் சீட்டு முதுகோடு சேர்த்து, உங்க வாசலில் கொண்டுவந்து இறக்குகிறேன். கூலி, வண்டி எல்லாம் என் பொறுப்பு.

போதாதுங்களா? சரி, ஜன்னலோடு எடுக்கச் சொல்கிறேன். அந்தப் பக்கத் தகடே வேண்டும் என்றாலும் வெட்டி எடுத்துத் தருகிறேன். ஹோட்டல்காரன் கத்துவான், நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லை, முழு பஸ்ஸும் வேண்டுமா? வாயைத் திறந்து கேளுங்க அண்ணா. நீங்க பேசாமல் இருப்பது எனக்குத் தெரிந்த வித்தைதான். ஒருத்தன் பேசாமல் நின்றால் எதிரில் இருக்கிறவன் தானாக ஏற்றிக்கொண்டே போவான். என்னிடமே அதைச் செய்கிறீர்கள்.

என்ன?

பஸ்ஸை வெட்டியாச்சு என்று அன்றைக்கு ஏன் சொன்னாய் என்றா?

அதை விடுங்க அண்ணா. நடந்தது நடந்துவிட்டது. அதற்குத்தானே இப்போது இவ்வளவு தருகிறேன் என்கிறேன்.

சொன்னால்தான் மேற்கொண்டு பேசுவீர்களா.

சரி. சொல்கிறேன். அன்றைக்கு நீங்க தனியாகத்தான் வந்தீர்கள். வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு துணிப்பை. கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு வழி தெரியும். என் பிள்ளை உட்கார்ந்த இடத்தை ஒருதடவை பார்க்கணும் சாமி என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நின்றீர்கள். நான் என்னென்னவோ கேட்டேன். பதில் இல்லை. பேரத்துக்கு நிற்கிறீர்கள் என்று நினைத்தேன். இவன் பார்ப்பான், அழுவான், அப்புறம் ஏதாவது கேட்பான் என்று நினைத்தேன். மலைக்காரப் பார்ட்டி உள்ளே என் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நீங்க அழுகிற சத்தம் அவன் காதில் விழுந்தால், உயிர் போன வண்டியா என்று எழுந்து போய்விடுவான். பஸ் எங்கே நின்றது தெரியுமா? உங்களுக்கு இருபது அடி பின்னால். நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. நீங்க அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றீர்கள். வெட்டியாச்சு, உருக்கியாச்சு, போய்யா என்றேன். போய்விட்டீர்கள். கேட்டுக்கு வெளியே வெயிலில் வெகுநேரம் நின்றீர்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இவ்வளவுதான். இதில் வேறு ஒன்றும் இல்லை.

அழுங்க அண்ணா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

கிளம்பலாமுங்களா? மூன்று மணிக்குள் மேலே போய்விடலாம். என்ன, துண்டை எடுக்கிறீர்கள் என்று பார்த்தால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் செடியை எடுக்கிறீர்கள். வருகிறீர்களா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க.

பாப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்றா? எதை? இப்போது உங்களிடம் சொன்னதையா?

இல்லீங்க.

முதலில் அவளிடம் சொல், அப்புறம் வருகிறேன் என்கிறீர்கள். அண்ணா, அவள் ஒன்பது வயதுப் பிள்ளை. எங்கப்பா ஒரு அப்பாவை ஏமாற்றி அனுப்பிவிட்டார் என்று தெரிந்தால் நாளைக்கு என்ன சொல்வாள்? நீங்க முதலில் வாங்க, பிள்ளையை இறக்கிவிடுவோம். அவள் பெரிசானதும் நானே உட்கார வைத்துச் சொல்கிறேன், சத்தியமாகச் சொல்கிறேன். இல்லை, பாதி சொல்கிறேன். அந்தப் பஸ்ஸில் ஒரு அக்கா இறந்துவிட்டது, அதனால்தான் உட்காரக்கூடாது என்றேன் என்று சொல்கிறேன். அது பொய்யில்லையே. அதுவே போதாதா?

அண்ணா. என்னைப் பாருங்க. செடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பாருங்க.

நீங்க உங்க பிள்ளைக்காகவாவது வரக்கூடாதா? அது அங்கே...

சரிங்க. சரி. போகவில்லை, உட்கார்ந்துதான் இருக்கிறேன். போனை எடுத்திருக்கிறேன், பாருங்க. அவள் அம்மா எடுக்கமாட்டாள், பாப்பாவிடம் தரவும் மாட்டாள். மணி அடிக்கிறது.

"கோகிலா, வச்சிடாத. சத்தம் போடலை. குடிச்சிருக்கேனா? இல்லை. கேஸைப் பத்தியும் இல்லை. பாப்பாகிட்ட ஒரு நிமிஷம் குடு. ஸ்பீக்கர்ல போட்டுக்க, நீயும் கேளு. உன் வக்கீல்கிட்டச் சொல்லணும்னா சொல்லிக்க.

கண்ணு. அப்பா பேசறேன். கை வலிக்குதா? ம். கட்டுக்குள்ள குச்சிய விட்டுச் சொறியக்கூடாது, சரியா?

நீ ஏன்னு கேட்டியே, அதச் சொல்றேன். குறுக்க பேசாமக் கேளு, இல்லாட்டி அப்பாவுக்குச் சொல்ல வராது. அந்தக்காவுக்கு அப்பா இருக்காரு பாப்பா. இங்கதான், என் எதிர்ல உட்கார்ந்திருக்காரு. அவரு அந்தக்காவைக் கூப்பிட வராம இல்லை. வந்தாரு. ஆறு வருஷத்துக்கு முன்னாலயே வந்தாரு. அப்பாதான், பஸ் இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்.

இருந்துச்சு கண்ணு. அவரு முதுகுக்குப் பின்னாலதான் நின்னுச்சு."